உண்ணிச்செடி: அடையாளமும் சாயல் செடிகளும்

கோடை முற்றி மலையடிவாரத்து மேய்ச்சல் தரையில் புல் கருகிய பிறகும் பச்சை மாறாமல் நிற்பது உண்ணிச்செடி. கடையம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி ஆகிய ஊர்களுக்கு மேற்கே ஓடைக்கரை, வேலியோரம், தரிசு, காட்டெல்லை என்று எங்கு திரும்பினாலும் இது கண்ணில் படும். உள்ளூரில் பிறந்து வளர்ந்த மாடு பெரும்பாலும் இதை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். வெளியூர்ச் சந்தையில் வாங்கி வந்த கறவை மாடும், கிடையோடு புதிதாக வந்து இறங்கிய ஆடும், முதல் கோடையைக் காணும் கன்றும் அப்படி விலகுவதில்லை. பசி தாங்காமல் வாய் வைத்துவிடும். மறுநாள் தீனி எடுக்காது. அதற்கடுத்து கண் மஞ்சளாகும். மூக்கைச் சுற்றிய தோல் வெந்தாற்போல் வெடிக்கும். நாள் கடந்துவிட்டால் மாட்டைக் காப்பாற்றுவது அரிது.

இதற்கு நேர்மாறான இழப்பும் உண்டு. உண்ணி என்று எண்ணி, வேலியில் நின்ற முன்னையையும் தழுதாழையையும் வேரோடு தோண்டி எறிபவர்கள் இருக்கிறார்கள். அதே வீட்டு வாசலில், நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய உண்ணிச்செடி தொட்டியில் பூத்துக் குலுங்கும். பூவின் நிறத்தை மட்டும் பார்த்துச் செடியைத் தீர்மானிப்பதால் வருகிற குழப்பம் இது. உண்ணியை அறிய நிறத்தைவிடக் கைவிரலும் மூக்கும் நம்பகமானவை.

வந்த வழி

உண்ணிச்செடியின் தாவரப் பெயர் லண்டானா கமாரா. மலையாளத்தில் இதனைக் கொங்கிணி என்றும் அரிப்பூ என்றும் சொல்வார்கள். இதன் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளுமாகும். பூவழகுக்காக ஐரோப்பியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இதைத் தங்கள் நாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே தோட்டக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து பல நிற வகைகளை உண்டாக்கினார்கள். இப்படிக் கலப்பில் பிறந்த செடிகளே பிறகு கப்பலேறி உலகெங்கும் பரவின. இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அழகுச்செடியாகவும் வேலிச்செடியாகவும் இது நடப்பட்டது. தோட்டத்தைத் தாண்டி வெளியேற அதற்கு வெகுகாலம் ஆகவில்லை.

இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உண்ணிச்செடிக்கும் இடம் உண்டு. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர், அதாவது பத்தில் நான்கு பங்குக்கும் மேல், இதன் பிடியில் இருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. முண்டந்துறை, களக்காடு சரணாலயங்களை இணைத்து 1988-இல் உருவான புலிகள் காப்பகத்தின் அடிவாரக் காடுகளும் இதற்கு விலக்கல்ல. புல் முளைக்க வேண்டிய இடத்தில் உண்ணி அடர்ந்துவிட்டால் மானுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் குறைகிறது. புதருக்குள் காட்டுப்பன்றி பதுங்கி, இரவில் பக்கத்து வயலில் இறங்குகிறது.

தாமிரபரணிப் பாசன வயல்களுக்குள் உண்ணிச்செடி வருவதில்லை. நீர் தேங்கும் நிலமும் அடர்ந்த நிழலும் அதற்கு ஆகாது. மேட்டு வரப்பு, கால்வாய்க் கரையின் மேல்புறம், தோப்பு வேலி ஆகிய இடங்களோடு நின்றுகொள்ளும். (அம்பாசமுத்திரம் பக்கத்து நதியுண்ணிக் கால்வாயின் பெயருக்கும் இச்செடிக்கும் தொடர்பு இல்லை. செடி இந்நாட்டுக்கு வருமுன்பே அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.) குளத்துக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் தண்ணீரில் நின்றபடி, இளஞ்சிவப்பில் புனல் போன்ற பெரிய பூவுடன் காணப்படுவது நெய்வேலிக் காட்டாமணக்கு. அதுவும் அழகுக்காக வந்து களையானதே என்றாலும், ஒடித்தால் பால் வடிவதால் உண்ணியோடு குழம்ப வழியில்லை.

தொட்டுப் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

முதலில் தண்டு. இளம் தண்டை இரு விரலுக்கிடையே உருட்டினால் உருளாது; நான்கு பட்டையாக இருப்பது தெரியும். பட்டைகளின் விளிம்பில் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கும். மேலிருந்து கீழே தடவினால் அவ்வளவாக உறைக்காது, கீழிருந்து மேலே தடவினால் தோலைக் கிழித்துவிடும். முதிர்ந்த அடித்தண்டு உருண்டு, கட்டையாகிவிடும். அதில் பட்டையைத் தேடிப் பயனில்லை.

அடுத்து இலை. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். முட்டை வடிவில், நுனி கூர்ந்து, ஓரம் முழுவதும் சிறு பற்களாக வெட்டுப்பட்டிருக்கும். மேல்புறம் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கசக்கி மோந்தால் மூக்கில் ஏறுகிற காரமான நெடி வரும். ஒரு தடவை மோந்தவருக்கு அது மறக்காது. இருட்டில்கூட இந்த நெடியைக் கொண்டு செடியைச் சொல்லிவிடும் ஆட்டுக்காரர்கள் உண்டு.

மூன்றாவது பூ. எதிரெதிர் இலைகளின் கக்கத்திலிருந்து காம்பு ஒவ்வொன்று கிளம்பி, நுனியில் தட்டையான ஒரு பூக்கொத்தைத் தாங்கும். ஒரு கொத்தில் இருபது முதல் நாற்பது வரை சிறு பூக்கள். ஒவ்வொன்றும் மெல்லிய குழாய். கொத்தின் ஓரப் பூக்கள் முதலில் மலரும், நடுவில் உள்ளவை பிறகு மலரும். மலரும்போது பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும் பூ, ஓரிரு நாளில் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறுகிறது. அதனால்தான் ஒரே கொத்தில் நடுவே ஒரு நிறமும் விளிம்பில் வேறு நிறமும் தெரிகிறது. மஞ்சள் பூவில் தேன் இருக்கும். நிறம் மாறிய பூவில் இராது. வண்ணத்துப்பூச்சிகள் இதை அறிந்து மஞ்சளையே நாடுகின்றன. நிறம் மாறும் இந்தப் பழக்கம் நல்ல அடையாளம். நிறம் எது என்பது அடையாளம் ஆகாது. மஞ்சள்–சிவப்பு, வெள்ளை–இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று காட்டில் எல்லாமே இருக்கின்றன, எல்லாமே உண்ணிதான்.

கடைசியாகக் காய். கொத்துக் கொத்தாக, நெருக்கமாக, மிளகு அளவில் பச்சையாக இருந்து, பழுக்கும்போது பளபளக்கும் கருநீலமாகும். நசுக்கினால் உள்ளே ஒரேயொரு கடினமான கொட்டை இருக்கும்.

இந்த நான்கில் மூன்றாவது பொருந்தினால்தான் உண்ணி என்று முடிவு செய்ய வேண்டும். முள் ஒன்றையே நம்பினால் ஏமாற நேரிடும். காட்டு வகைகளிலேயே முள் அருகிக் காணப்படும் செடிகள் உண்டு. தோட்ட வகைகளில் பலவற்றுக்கு முள் கிடையாது.

சாயலில் ஏமாற்றும் செடிகள்

குழந்தைகள் உள்ள வீடுகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மணத்தக்காளியோடு உள்ள வேறுபாடு. இரண்டின் பழமும் ஒரே அளவில் கருமையாக மின்னும். மணத்தக்காளியில் ஒவ்வொரு பழமும் தனித்தனிக் காம்பில் தொங்கும். பழத்தின் தலையில் ஐந்து இதழ்ப் பச்சைத் தொப்பி ஒட்டியிருக்கும். நசுக்கினால் தக்காளி போலப் பல விதைகள் பிதுங்கும். இலைகள் மாறி மாறி வரும், எதிரெதிரே வருவதில்லை. செடியும் இடுப்பளவைத் தாண்டாத மென்மையான செடி. உண்ணியின் பழுத்த பழத்தைக் காட்டோரச் சிறுவர்கள் தின்பது வழக்கமே. ஆனால் பச்சைக்காயைத் தின்று வாந்தியும் தள்ளாட்டமும் கண்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்பு உண்டு. காயும் பழமும் ஒரே கொத்தில் கலந்து நிற்பதால், பழம் மட்டும்தான் தின்றது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சூரையும் முள்ளும் கறுத்த பழமும் உடைய புதர். அதன் பழம் உண்ணத் தகுந்தது. சூரை இலையை விரித்துப் பார்த்தால் அடியிலிருந்து மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். இலைகள் மாறி மாறி அமையும். கசக்கினால் நெடி இல்லை. அதன் முள்ளும் இலைக்காம்பின் அடியில் மட்டுமே இருக்கும். உண்ணியின் முள் தண்டு நெடுகச் சிதறியிருக்கும்.

முன்னைதான் அதிகமாக வெட்டுப்படும் செடி. எதிரெதிர் இலை, கசக்கினால் ஒரு வாசம், உச்சியில் தட்டையாகப் பரந்த பூங்கொத்து, பிறகு சிறு கறுப்புப் பழம் என்று எட்ட நின்று பார்ப்பவருக்கு உண்ணியாகவே தோன்றும். கிட்டப் போய்த் தடவினால் சந்தேகம் தீரும். முன்னை இலை வழவழப்பானது. ஓரத்தில் பற்கள் இல்லை, இருந்தாலும் நுனிப்பக்கம் மட்டுமே. தண்டில் முள் கிடையாது. பூ பச்சை கலந்த வெள்ளை; நிறம் மாறாது. பழங்களும் கிளைத்த காம்புகளில் விட்டுவிட்டு நிற்கும், உண்ணியைப் போல் ஒரே உருண்டையாக நெருங்கியிரா. கீரையாகவும் மருந்தாகவும் பயன்படும் இதனை, களை எடுக்கும் வேகத்தில் இழந்துவிடக் கூடாது. தசமூலம் என்னும் பத்து வேர் மருந்துச் சரக்கில் முன்னை வேரும் ஒன்று.

வாதமடக்கி என்று நாட்டு வைத்தியர்கள் சொல்லும் தழுதாழைக்கும் இதே கதிதான். வறண்ட வேலிகளில் சாம்பல் பூத்த இலைகளுடன் நிற்கும் இதன் இலை ஓரம் பெரிய வெட்டுகளாக இருக்கும். பூ வெண்மை, நல்ல மணம், நீண்ட குழாய். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் பூனை மீசை போல் தெரியும். உண்ணிப் பூவில் மகரந்தத் தாள் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும்.

உண்ணியின் சொந்தக் குடும்பத்திலேயே இரு செடிகள் வயலோரத்தில் உண்டு. பொடுதலை, வரப்பில் படரும் கொடி. அதன் பூக்கொத்து உண்ணிக் கொத்தைச் சிறிதாக்கி வைத்தது போலவே இருக்கும். தரையை விட்டு எழாததால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சீமை நாயுருவிக்கு இலை மட்டும் உண்ணியை ஒத்திருக்கும்; பூக்கள் நீலமாக, சாட்டை போன்ற நீண்ட கதிரில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்றாக மலரும்.

காட்டோரங்களில் இன்னொரு அந்நியச் செடியும் புகுந்துள்ளது. கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று பெயர் பெற்றது அது. அதற்கும் எதிரெதிர் இலை, அதற்கும் கசக்கினால் கடும் நெடி. ஆனால் இலை முக்கோணமாக, அடியில் மூன்று நரம்புகள் சூலம்போல் பிரியும். முள் இல்லை. தை, மாசியில் வெண்மையும் வெளிறிய ஊதாவுமான பஞ்சுப் பூக்கள் வரும். விதை காற்றில் பறக்கும், பழம் பழுப்பதில்லை. இதையும் மாடு தின்னக் கூடாது. இதையும் அகற்ற வேண்டியதே. எனவே இந்தக் குழப்பத்தால் நட்டம் ஒன்றுமில்லை.

வீட்டு வேலியில் வைக்கும் டுராண்டா செடியில் நீலப்பூ சரமாகத் தொங்கும், காய் பழுத்தால் பொன்னிறமாகும். அந்தப் பழமும் நஞ்சு. சிவந்த கொத்துப் பூவால் சிலர் இட்லிப்பூவையும் சந்தேகிப்பார்கள். தடித்த வழவழ இலையும் நெடியின்மையும் அதை விடுவித்துவிடும்.

நர்சரியில் விற்பது

குட்டையாக, தனி மஞ்சளாகவோ பல நிறமாகவோ பூக்கும் லண்டானா தொட்டிச்செடிகள் நகரத்து நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. வெயிலைத் தாங்கும், ஆண்டு முழுவதும் பூக்கும், வண்ணத்துப்பூச்சி வரும் என்று சொல்லி விற்பார்கள்; மூன்றுமே உண்மை. மலையில் கிடக்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வது மட்டும் உண்மையல்ல. பெரும்பாலானவை அதே இனத்தின் தோட்ட வகைகள். விதை பிடிக்காத மலட்டு வகைகள் சில உண்டு. மலடு என்று விற்கப்படும் எல்லாம் மலடல்ல என்பதும், காய் பிடிக்காவிட்டாலும் மகரந்தத்தின் வழியே காட்டுச்செடியோடு கலக்கக்கூடியவை உண்டு என்பதும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. வாங்கி வைத்தவர்கள் ஒரு பருவம் கவனிக்கலாம். பூ உதிர்ந்த காம்பில் பச்சைக் காய்கள் திரண்டால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. திருநெல்வேலி நகருக்குள் இருக்கும் செடி மலைக்கு எப்படிப் போகும் என்று கேட்க வேண்டியதில்லை; கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று விதையைத் தூக்கிக்கொண்டு போகின்றன.

ஊதா நிறத்தில் மட்டும் பூத்து, கொடிபோல் தொங்கும் இன்னொரு லண்டானா உண்டு. அது வேறு இனம். முள் இல்லை, காய் பிடிப்பதும் குறைவு. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதுவும் தோட்டத்திலிருந்து தப்பிக் களையாகிவிட்டது.

கால்நடை தின்றுவிட்டால்

உண்ணி இலையில் லண்டடீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது ஈரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தைத் தடுக்கிறது. மாடு தின்ற பச்சையம் வயிற்றில் செரிக்கும்போது உண்டாகும் ஒருவகை நிறமி, வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறிவிடும். பித்தநீர் தடைப்பட்டதும் அது இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வருகிறது. வெயில் பட்டதும் அந்த இடம் வீங்கி, வெந்து, உரிகிறது. வெள்ளைத் தோல் உள்ள மூக்கு, காது, மடிக் காம்பு ஆகிய இடங்களில் முதலில் தெரியும். உடம்பெல்லாம் கறுத்த கன்னி ஆடுகளில் தோலை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். முகத்திலும் காதிலும் உள்ள வெள்ளைக் கோடுகளைப் பார்க்க வேண்டும், கீழிமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய மாட்டுக்கு உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பச்சை இலை போதும், நோய் வருவதற்கு. முந்நூறு கிலோ மாடானால் மூன்று கிலோ. ஒரு வேளை மேய்ச்சலில் சாதாரணமாக உள்ளே போகக்கூடிய அளவு. இலை காய்ந்தால் நஞ்சு போய்விடும் என்று எண்ணக் கூடாது. வேலியோரம் அறுத்த புல்லோடு சேர்ந்து வந்து, காய்ந்து, வைக்கோற்படப்பில் கலந்த இலையும் அதே தீங்கைச் செய்யும்.

இங்கே இன்னொரு சாயல் தொல்லை உண்டு. கண் மஞ்சளாகித் தீனி எடுக்காத மாட்டைப் பார்த்தவுடன் உண்ணிக்காய்ச்சல் என்று முடிவு கட்டுவார்கள். பெயரில்தான் உண்ணி, அது உடம்பில் ஒட்டும் பூச்சியால் வருவது. உண்ணிக்காய்ச்சலில் உடல் சூடு கடுமையாக இருக்கும், ஒரு வகையில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உண்ணிச்செடி நஞ்சில் பெரும்பாலும் காய்ச்சல் இராது. சாணி இறுகி நின்றுவிடும். வெயில் பட்ட தோல் வெடிக்கும். மாடு நிழலைத் தேடி ஒதுங்கும். டாக்டர் வந்ததும் "மாடு மேயலை ஐயா" என்பதோடு நிறுத்தாமல், எங்கே மேய்ந்தது, வேலியில் எது கடித்துக் கிடக்கிறது என்பதையும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கடித்த கிளையையே ஒடித்துக் கொண்டுவந்து காட்டுவது இன்னும் நல்லது.

நோய் கண்ட மாட்டை உடனே நிழலுக்கு, கூடுமானால் இருட்டான தொழுவத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீர் தாராளமாக வைக்க வேண்டும். இந்த நஞ்சில் உள்ள பெரிய சங்கடம், முதல் வயிறு அசைவதை நிறுத்திவிடுவதால் தின்ற இலை அங்கேயே தங்கி, நாள்தோறும் மேலும் நஞ்சை விட்டுக்கொண்டிருப்பது. அதைக் கட்டுப்படுத்தவே மருத்துவர்கள் வினைத்திறன் ஏற்றிய கரியைத் தண்ணீரில் கரைத்து வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். பெண்டோனைட் களிமண்ணும் பயன்படும். முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து இலையை எடுப்பதும் உண்டு. வீட்டு அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. தீனி எடுக்காத முதல் நாளே ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் ஊர்தியின் உதவி கிடைக்கும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

அகற்றும் முறை

பூச்சியை விட்டு இதை ஒழிக்க முடியாதா என்ற கேள்வி பழையது. பூச்சியியல் அறிஞர் ஒய். இராமச்சந்திர ராவ், இந்தியாவில் உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகளை ஊர் ஊராகத் தேடி 1920-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உள்ளூர்ப் பூச்சிகளில் செடியை அடக்கும் வலு எதற்கும் இல்லை என்று தெரிந்தது. 1921-இல் ஹவாய்த் தீவுகளிலிருந்து காயைத் துளைக்கும் ஈ ஒன்று வரவழைக்கப்பட்டது. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலைச்சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி டேராடூனுக்கு வந்தது. கூண்டில் வைத்துச் சோதித்தபோது அது தேக்குப் பூவிலும் வாய் வைத்தது. தேக்குக்கு ஆபத்து என்று கூண்டிலிருந்த பூச்சிகளை அழித்தார்கள். அப்படியும் சில தப்பிவிட்டன போலும். பத்தாண்டுக்குள் அதே பூச்சி வெளியே உண்ணிப் புதர்களில் காணப்பட்டது. இன்று இரண்டு பூச்சிகளும் நாட்டில் இருக்கின்றன, உண்ணியும் இருக்கிறது.

வெட்டினால் துளிர்க்கும், கொளுத்தினால் துளிர்க்கும். துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவரோடு சேர்ந்தவர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டி, 2009-இல் எழுதிய முறை இந்தக் கழுத்தையே குறி வைக்கிறது. புதரின் அடியில் மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை மம்பட்டியாலோ சிறு கோடாலியாலோ வெட்டிவிட வேண்டும். பிறகு புதரைத் தூக்கி, வேர் மேலாகத் தலைகீழாய்ப் போட வேண்டும். மண்ணில் படாத கழுத்து காய்ந்துவிடும். வேர் முழுவதையும் தோண்டி எடுக்கும் கூலி மிச்சம், மண்ணும் கிளறப்படுவதில்லை.

அடிவாரப் பகுதியில் ஆனி, ஆடிச் சாரலில் மண் இளகியிருக்கும்போது இந்த வேலை எளிது. செடியில் காய் பிடிக்குமுன் செய்ய வேண்டும். வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பழம் வரை தரும் என்று கணக்கிட்டுள்ளார்கள். காயோடு வெட்டியதை உரக்குழியில் போட்டால் விதையைத் தோட்டம் முழுக்கத் தூவியது போலாகும். காயில்லாத தழையை மட்கவைத்து உரமாக்கலாம். மாடு அவிழ்த்துவிடும் இடத்தருகே குவிக்கக் கூடாது. காப்புக்காட்டு எல்லைக்குள் உள்ள புதரில் வனத்துறை அனுமதியின்றிக் கத்தி வைப்பது குற்றமாகும். பட்டா நிலத்தோடு நின்றுகொள்ள வேண்டும். அந்நியச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையே வகுத்துள்ளது.

அகற்றிய இடத்தை வெறுமனே விட்டால் ஐப்பசி மழையில் நாற்றங்கால் போல உண்ணிக் கன்றுகள் கிளம்பும். பறவை உட்காரும் மரத்தடியிலும் கம்பிவேலியின் கீழும் அதிகமாக இருக்கும். இரண்டிலைப் பருவம் தாண்டி, ஒரு சாண் உயரத்தில் இலையைக் கசக்கினாலே நெடி வந்துவிடும். அப்போது கையால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒரு கோடை விட்டுவிட்டால் மம்பட்டி வேண்டும். மூன்று பருவமழைக்காவது இப்படிக் களை எடுத்து, இடைவெளியில் கொழுக்கட்டைப் புல்லை விதைக்கலாம். வேலி வேண்டுமானால் நொச்சியும் முன்னையும் தழுதாழையும் குச்சி ஊன்றினாலே வரக்கூடியவை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊன்ற வேண்டும்.